நான் மாற்றி வாசித்த கடைசிப் பக்கங்கள்

என் நாத்தனாருக்குத் தமிழ் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. அருமனைப் பக்கம் அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் மலையாளம் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டில் தமிழில் சண்டை போட்டு, பள்ளியில் மலையாளத்தில் எழுதி வளர்ந்தவள் அவள். நான் நாகர்கோவிலில் தமிழ் படித்தவள். கோட்டாற்றில் எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வாசகசாலை இருந்தது. பெண்கள் அங்கே போவதில்லை. என் அண்ணன் போய் இரண்டு இரண்டாகப் புத்தகம் எடுத்துவந்து தருவான். கல்யாணத்துக்கு முன்னால் அங்கிருந்த கதைப் புத்தகங்களில் நான் வாசிக்காதது ஒன்றும் இல்லை.

வாசித்துவிட்டுச் சும்மா இருக்கிற ஆளும் இல்லை நான். இது தேறும், இது குப்பை, இதில் நடுவே நாற்பது பக்கத்தைப் பிடுங்கிப் போட்டால் நன்றாக இருக்கும் என்று யாரிடமாவது சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் சாப்பிட்ட சோறு செரிக்காது. அண்ணன் சிரித்துக்கொண்டே கேட்பான். அவன் பாதிப் புத்தகங்களை வாசித்ததில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. என் வாயால் கேட்டதையே வாசகசாலையில் தன் கருத்தாகச் சொல்லி நல்ல பேர் வாங்கியிருக்கிறான்.

சுதந்திரம் வந்த வருஷம் ஆவணியில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. அருமனைக்குப் பக்கத்தில் ஒரு மேட்டில் வீடு. சுற்றிலும் ரப்பர், கீழே தென்னை. என் கணவருக்கு ஒரு துண்டு ரப்பர்த் தோட்டம் இருந்தது. விடியுமுன்னே மரம் வெட்டப் போவார், பட்டையைக் கீறிப் பால் எடுத்து வருவார், உறைந்த பாலை உருளையில் கொடுத்து ஷீட் ஆக்கிக் காயப்போடுவோம். வீடு முழுக்க அந்தப் புளித்த வாடை. மாமனார் மாமியார் முன்பே இறந்துபோயிருந்தார்கள். வீட்டில் நாங்கள் மூன்று பேர். அவர், நான், அவருடைய தங்கை.

என் நாத்தனாருக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். என்னைவிட ஒன்றரை வயது இளையவள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முழுதாகச் சேர்ந்து வாழவில்லை. அந்த வருஷம் தை மாதத்தில் அவள் கணவன் மூன்று பேரோடு சேர்ந்து மலபாருக்குப் போயிருந்தான். வயநாட்டில் காட்டை வெட்டித் திருத்தினால் நிலம் கிடைக்கும், மரச்சீனிக் கிழங்கும் நல்லமிளகும் போட்டால் இரண்டே வருஷத்தில் ஆளாகிவிடலாம் என்று கேள்விப்பட்டுப் போனவர்கள். பங்குனியில் ஒரு கடிதம் வந்தது. வைகாசியில் இன்னொன்று வந்தது, ஓலைக் கூரை போட்டாயிற்று, மழை முடிந்ததும் வந்து கூட்டிப்போகிறேன் என்று. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

என் கணவர் எழுதிய கடிதங்களில் ஒன்று திரும்பி வந்தது. மற்றவை திரும்பக்கூட வரவில்லை. ஒருமுறை அவரே கோழிக்கோடு வரை போனார். மழையில் மலைப்பாதை இடிந்து கிடக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். பத்து நாள் காத்திருந்து, காய்ச்சலோடு திரும்பினார். அங்கே அவன் வேறொருத்தியோடு குடியிருக்கிறான் என்று ஊரில் யாரோ சொன்னார்கள். யார் பார்த்தது என்று கேட்டால் இன்னொருவரைக் கைகாட்டினார்கள்.

இப்படி ஒரு வீட்டில்தான் நான் போய் இறங்கினேன். மத்தியானத்துக்கு மேல் ரப்பர் வேலை இருக்காது. என் கணவர் படுத்துவிடுவார். நானும் நாத்தனாரும் ஷீட் காயும் பின்கட்டில் உட்கார்ந்திருப்போம். என் அண்ணன் மாதம் ஒருமுறை வாசகசாலையின் புதுப் புத்தகங்களைக் கொண்டுவந்து தருவான், பழையதை எடுத்துப் போவான். முதல் மாதம் நான் மனதுக்குள் வாசித்துக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்.

"மைனி, இப்பிடி சத்தமில்லாம சிரிக்கியளே, எனக்கும் வாசிச்சா என்னவாம்?"

வாசித்தேன். அது ஒரு துப்பறியும் நாவல். மிக மட்டமானது. கொலையாளி யார் என்று மூன்றாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும், எழுதினவருக்குத்தான் கடைசிவரை தெரியாது. ஆனால் அவள் என் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, நான் விரல் வைத்து ஓட்டும் வரியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். நடுவில் நான் நிறுத்தி, "இதை எழுதின ஆளுக்கு வக்கீலைப் பற்றி ஒன்றும் தெரியாது" என்று சொன்னால், "அது போட்டு, பின்ன?" என்பாள், அது கிடக்கட்டும், மேலே வாசி என்று. எனக்கு அப்படியொரு காது அதற்குமுன் கிடைத்ததில்லை. ஒரு சொல்லும் கீழே சிந்தாது.

முதல் தடவை நான் மாற்றியது அற்ப விஷயம். ஒரு சரித்திர நாவல். இளவரசனை வளர்த்த செவிலித்தாய் ஒருத்தி, கதைக்கு எந்தத் தேவையும் இல்லாமல், கோட்டை வாசலில் அம்பு பட்டுச் சாகிறாள். எழுதினவருக்கு அத்தியாயத்தை முடிக்க ஒரு சாவு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எனக்கு எரிச்சல் வந்தது. வாசிக்கிற வாக்கிலேயே அம்பைத் தூணில் பட வைத்தேன். நாத்தனாருக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த அத்தியாயங்களில் செவிலித்தாய் இல்லாததற்கு, மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சேர்த்துக்கொண்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கெழவி தப்பிச்சாளே, அது போதும்" என்றாள். எழுதினவரைவிட நான் நன்றாக எழுதிவிட்டதாக அன்று முழுக்க எனக்குப் பெருமை.

அதன் பிறகு கை பழகிவிட்டது. வங்காளத்திலிருந்து மொழிபெயர்த்த ஒரு நாவல் வந்தது. ஆட்கள் தேநீர் குடித்துவிட்டு அழுவார்கள், அழுதுவிட்டுத் தேநீர் குடிப்பார்கள். மொழிபெயர்த்தவர் தமிழை வேறெங்கேயோ விட்டுவிட்டு வந்தவர். ஆனாலும் அதில் வருகிற அந்த அண்ணன் தங்கை உறவு நிஜமானது, அதை யாரும் கெடுக்க முடியவில்லை. கடைசியில் தங்கை இருமி இருமிச் சாகிறாள். நான் அவளைப் பிழைக்க வைத்தேன். பெண்களுக்கு அறிவுரை சொல்லும் புத்தகம் ஒன்று வந்தது. எழுதினவர் ஆண். ஒரு நாளாவது பால்சட்டியின் அடியைச் சுரண்டியிருந்தால் அந்தப் புத்தகம் பாதியாகியிருக்கும். புருஷன் விட்டுப்போனால் அதற்குப் பெண்ணின் குற்றம்தான் காரணம் என்று ஒரு அத்தியாயம் இருந்தது. அதை அப்படியே தாண்டிவிட்டேன். இதற்காக மட்டும் இன்றுவரை நான் வருந்தியதில்லை.

ஒரு பயணநூல். அதை எழுதியவர் மலைநாடு முழுக்கச் சுற்றியவர். நல்ல கண். காட்டு ஓடையைப் பற்றி எழுதினால் நமக்குக் கால் சில்லிடும். இத்தனை வருஷத்தில் நான் வாசித்த பயணநூல்களில் அதுபோல் இன்னொன்று இல்லை. வயநாட்டைப் பற்றி இரண்டு அத்தியாயம் எழுதியிருந்தார். முதல் அத்தியாயம் அருவியும் மூங்கிலும். இரண்டாவதில், மழைக்காலத்தில் காடு திருத்த வந்தவர்கள் மலைக்காய்ச்சலில் குடிசை குடிசையாகச் செத்துப்போவதை எழுதியிருந்தார். ஊருக்குத் தகவல் சொல்லக்கூட ஆளில்லாமல் ஓடைக்கரையில் புதைத்துவிடுவார்களாம்.

நான் அதை முதல்நாளே மனதுக்குள் வாசித்துவிட்டேன். மறுநாள் அவளுக்கு முதல் அத்தியாயத்தை வாசித்தேன். இரண்டாவதற்கு வந்ததும் அருவியையே இன்னும் கொஞ்சம் நீட்டினேன். நானாகவே ஒரு குன்றைச் சேர்த்தேன், குன்றின்மேல் ஒரு கோயிலைச் சேர்த்தேன். அவள் முகம் மலர்ந்துபோயிற்று.

"அப்பம் அவரு இருக்கிய இடம் நல்ல இடமாக்கும், இல்லியா மைனி?"

"நல்ல இடந்தான்" என்றேன்.

கல்யாணமாகி நாலு வருஷம் கழிந்தும் எனக்குப் பிள்ளை இல்லை. அந்த வருஷம் மார்த்தாண்டத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர் என் நாத்தனாரைக் கேட்டு ஆள் அனுப்பினார். மனைவியை இழந்தவர். ஒரு பெண் குழந்தை. எங்கள் ஆட்களில் இப்படி இரண்டாம் கல்யாணம் செய்வதில் பெரிய தடை ஒன்றும் கிடையாது. என் கணவர் போய் விசாரித்துவிட்டு வந்து தங்கையிடம் பேசினார்.

"ஏட்டி மக்கா, அவன் வரமாட்டான். நாலு வருசமாச்சு. உயிரோட இருந்தா ஒரு கார்டாவது போடமாட்டானா? இந்த ஆளு கொள்ளாம், நல்லவன். நான் நேருல பாத்தாச்சு. மெதுவாப் பேசுகிய மனுசன். நீ ஒரு வாக்கு சொல்லு."

"ரெண்டு நாளு தாங்க அண்ணா" என்றாள்.

அவள் மறுக்கவில்லை என்பதே எங்களுக்கு ஆச்சரியம். மறுநாள் காலை அடுப்படியில் மரச்சீனி தோல் உரித்துக்கொண்டிருந்தபோது என்னிடம் கேட்டாள்.

"அந்தப் பிள்ளைக்கு எத்தன வயசு மைனி?"

"ஆறு என்று சொன்னார்கள்."

"அதுக்குத் தல பின்னிவிட ஆரு உண்டு?"

"தெரியவில்லையே" என்றேன்.

இன்னும் இரண்டு கிழங்கை உரித்தாள். பிறகு, "பெண்பிள்ளைக்கு எண்ண தேச்சு முடி பின்னல்லன்னா ஈரு பிடிக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்போதே அவள் பாதி மனசால் அந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அது எனக்குத் தெரிந்தது. தெரியவில்லை என்று நான் எத்தனையோ தடவை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். தெரிந்துதான் இருந்தது.

அன்றைக்கு நாங்கள் வாசித்துக்கொண்டிருந்த நாவலில் கடைசி அத்தியாயம் மீதி. அது வாசகசாலைப் புத்தகம் அல்ல, அண்ணன் எனக்கென்றே வாங்கி வந்தது. கப்பலேறி ரங்கூனுக்குப் போன ஒருவன், கரையில் காத்திருக்கிற மனைவி, பன்னிரண்டு வருஷம். ரொம்பச் சாதாரணமான கதை. ஆனால் அந்த எழுத்தாளருக்கு அவசரமே இல்லை. அந்தப் பெண் துணி துவைப்பதை, விறகு அடுக்குவதை, கப்பல் வரும் நாளில் தலை வாரிக்கொள்வதை அப்படியே எழுதிக்கொண்டு போவார். எனக்கு அன்றுவரை அதைவிடப் பிடித்த தமிழ் நாவல் கிடையாது. கடைசி அத்தியாயத்தில் கப்பல் வருகிறது. அவனுடைய தகரப் பெட்டி மட்டும் இறங்குகிறது. ஆள் இல்லை. அவள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறாள். அவ்வளவுதான் முடிவு. ஒரு கண்ணீர் கிடையாது. சரியான முடிவு. வேறெப்படி முடித்திருந்தாலும் கதை பொய்யாகியிருக்கும்.

மத்தியானம் பின்கட்டில் உட்கார்ந்தோம். அவள் என் பக்கத்தில் வந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள். பெட்டி இறங்குகிற இடம் வந்தது. அவள் குனிந்து என் விரல் நின்ற வரியைப் பார்த்தாள். நான் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, பெட்டிக்குப் பின்னால் ஒரு ஆளை இறக்கினேன். மெலிந்துபோய், தாடியோடு, ஒரு காலை இழுத்துக்கொண்டு வருகிறான். அவள் அடையாளம் கண்டுகொள்கிறாள். நான் தடுமாறாமல் வாசித்தேன். ஒரு வரி விடாமல், அந்த எழுத்தாளரின் நடையிலேயே சொன்னேன். என் வாழ்க்கையில் நான் நன்றாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அவள் வெகுநேரம் அழுதாள். மறுநாள் தன் அண்ணனிடம் போய், "வேண்டாம் அண்ணா. அவரு வருவாரு" என்றாள்.

என் கணவர் கேட்டுவிட்டு எழுந்தார். என்னிடம் வந்து, "நேத்து வரைக்கும் மனசு இருந்துதே. நீ வல்லதும் சொன்னியா?" என்று கேட்டார்.

"நான் ஒன்றும் சொல்லவில்லை" என்றேன்.

ஜவுளிக்கடைக்காரர் ஆடி கழிந்ததும் களியக்காவிளையில் பெண் எடுத்தார்.

அதற்கப்புறமும் இரண்டு வருஷம் வாசித்தோம். நட்சத்திரங்களைப் பற்றிய ஒரு சிறு நூல் அவளுக்கு ரொம்பப் பிடித்தது. எனக்கும்தான். பெரிய பெரிய தொலைவுகளைப் பற்றி அது பக்கத்து வீட்டுக்காரர்போலப் பேசும். ஒரு கவிதைத் தொகுப்பு வந்தது. கவிஞர் நிலாவைப் பன்னிரண்டு இடத்தில் சொல்லியிருந்தார், ஒரு இடத்தில்கூட வெளிச்சம் இல்லை. அவள் அதைக் கேட்டுவிட்டு, "இந்த ஆளு நெலாவ ஜன்னல் வழியாக்கும் பாத்திருக்காரு" என்றாள். நான் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனேன். நல்ல வாசகி அவள். எழுத்து தெரியாமலே நல்ல வாசகி.

ஐம்பத்துமூன்றில், மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், ஒரு ஆள் படியேறி வந்தார். உடம்பெல்லாம் ஒட்டி, வயிறு மட்டும் வீங்கி, முகம் மஞ்சளாக இருந்தது. மலபாருக்குப் போன நாலு பேரில் ஒருவர். தாயின் பங்கு நிலத்தை விற்க ஊருக்கு வந்தவர். அவரை முதலில் எங்களுக்கு அடையாளமே தெரியவில்லை. என் நாத்தனார்தான் கண்டுபிடித்து, மோர் கொண்டுவந்து கொடுத்து, எதிரே நின்றாள்.

அவர் மோரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அவன் மொத மழையிலேயே போயிட்டான். மலைக்காய்ச்சலு. ரெண்டு பேரு ஒரே வாரத்துல. நான்தான் அவனக் கூட்டிட்டுப் போனது. எழுத எனக்குக் கை வரல்ல. மத்தவன் எழுதியிருப்பான்னு நெனச்சேன். அவனும் நான் எழுதியிருப்பேன்னு நெனச்சிருக்கான்."

என் நாத்தனார் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "மொத மழையா, ரெண்டாவது மழையா?"

"மொத மழ. ஆனி மாசம்."

அவள் தலையை ஆட்டினாள். ஆனி. நான் அந்த வீட்டுக்கு வந்தது ஆவணி. நான் அவளுக்கு ஒரு பக்கம் வாசிப்பதற்கு முன்பே அவன் செத்துப்போயிருந்தான்.

என் கணவர் செய்யவேண்டிய சடங்குகளை ஆறு வருஷம் தாமதமாகச் செய்தார். அவள் அழவில்லை. எல்லாரும் போன பிறகு நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நகர்ந்து இடம் கொடுத்தாள். வாசிக்கட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கொஞ்சநாளில் அவள் அந்த ரங்கூன் நாவலை எடுத்து வைத்துக்கொண்டு மத்தியானங்களில் தனியே உட்கார ஆரம்பித்தாள். பக்கங்களைப் புரட்டிப் பார்க்கிறாள், மனசு ஆறுகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆறு வருஷமாக என் விரலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவள், மலையாள எழுத்து நன்றாகத் தெரிந்தவள், தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்க எத்தனை நாளாகும் என்று நான் யோசிக்கவே இல்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும். நான் உருளையில் ஷீட் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் புத்தகத்தோடு வந்தாள். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து, எழுத்தெழுத்தாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலப் படித்தாள்.

"பெ... பெட்டி... பெட்டி மட்டும்..."

கைப்பிடியை விட்டுவிட்டேன்.

"இதுல ஆளு வரல்லியே மைனி."

நான் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

"திரும்பத் திரும்ப நோக்கினேன். எனக்குத்தான் எழுத்து தெரியல்லியோன்னு நெனச்சு மூணு மட்டம் நோக்கினேன். ஆளு வரல்ல. அவ பெட்டியச் சுமந்துட்டுப் போறா."

"ஆமாம்" என்றேன்.

"வேற எதுலயெல்லாம் மாத்துன?"

முதல்தடவையாக என்னை ஒருமையில் கேட்டாள். நான் நின்றபடியே ஒவ்வொன்றாகச் சொன்னேன். செவிலித்தாய் அம்பு பட்டுச் செத்தாள். வங்காளத் தங்கை இருமிச் செத்தாள். வேறொரு குடும்ப நாவலில் விற்றுப்போன வீடு திரும்பக் கிடைக்கவில்லை. அறிவுரைப் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் வாசிக்கவில்லை. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தாள். ஷீட் உருளையில் பாதி ஏறிப் பாதி தொங்கிக்கொண்டிருந்தது. பயணநூலுக்கு வந்தபோது என் குரல் இறங்கிவிட்டது.

"அதுல என்ன மாத்துன?"

"வயநாட்டு அத்தியாயத்தில் கொஞ்சம் விட்டுவிட்டேன்."

"என்னத்த விட்ட?"

"காய்ச்சல் என்று எழுதியிருந்தது."

"காய்ச்சல்னா?"

"மலைக்காய்ச்சல். மழைக்காலத்தில் காடு திருத்த வந்தவர்களுக்கு வரும் என்று."

"வந்தா?"

நான் சொன்னேன். ஓடைக்கரை வரை சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த எடத்துல நீ எனக்கு என்ன வாசிச்ச?"

"அருவி" என்றேன். "ஒரு கோயில்."

அவள் புத்தகத்தை மூடினாள். "எனக்கு வேண்டியா மாத்துன, ஒனக்கு வேண்டியா?"

"உனக்கு வேண்டித்தான்."

"கள்ளம்" என்றாள். அந்த ஒரு சொல்தான். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு வரியில் தவறு கண்டுபிடித்ததுபோலச் சொன்னாள்.

சரியாகத்தான் சொன்னாள். அவள் மார்த்தாண்டத்துக்குப் போயிருந்தால் அந்த வீட்டில் நான் யாருக்கு வாசிப்பது? என் கருத்துகளை, என் கிண்டலை, என் முடிவுகளை யார் கேட்பது? தகரப் பெட்டிக்குப் பின்னால் ஆளை இறக்கினபோது எனக்கு அவள்மேல் இரக்கம் இருந்தது, அது உண்மை. அதற்கு அடியில் இது இருந்தது. நல்ல நாவலில் இப்படியொரு பாத்திரம் வந்தால் மூன்றாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். என்னிடத்தில் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று, அதுவும் அவள் சொல்லி.

அந்த வாரமே அவள் மண்டைக்காட்டில் இருந்த தன் சித்தி வீட்டுக்குப் போகிறேன் என்றாள். அங்கே கயிறு திரிக்கிற வேலை கிடைக்கும். என் கணவர் தடுத்துப் பார்த்தார், முடியவில்லை. பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்று நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"கேக்க ஆளு வேணும்னா எனக்கு வாசிச்சிருக்கலாமே."

அவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. வந்த நாள் முதல் அவருக்கு வாசித்துக் காட்டலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ரப்பர் வெட்டுகிறவருக்கு என்ன புரியும் என்று நினைத்திருந்தேன். சில நாள் கழித்து ஒரு புத்தகத்தை எடுத்து அவருக்கு வாசிக்கத் தொடங்கினேன். கண்ணை மூடாமல் கேட்டார். பத்துப் பக்கம் போயிருக்கும். மெதுவாகக் கேட்டார்.

"இது அதுல உள்ளதுதானா?"

உள்ளதுதான். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. ஆனால் அவருக்கு அதை எப்படி நிரூபிப்பது? புத்தகத்தை மூடிவிட்டேன். அவர் பிறகு கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

மாசியில் கோயில் கொடைக்கு மண்டைக்காடு போகிறபோதெல்லாம் அவளைப் போய்ப் பார்ப்பேன். முதல் வருஷம் வெளியே வரவில்லை. இரண்டாம் வருஷம் வந்து வெற்றிலை கொடுத்தாள். மூன்றாம் வருஷம் நான் போனபோது ஊறின தேங்காய் மட்டையை நாருக்காகத் தடியால் அடித்துக்கொண்டிருந்தாள். கை முழுக்க வெடிப்பு. உட்காரச் சொன்னாள். தன் அண்ணனுக்கு முதுகுவலி எப்படி என்றாள். கூரை மாற்றினீர்களா என்றாள். திரும்பவும் மரியாதையோடு பேசினாள், வீட்டுக்கு வந்த எந்த உறவுக்காரியிடமும் பேசுவதுபோல.

அப்போது கடற்கரையிலிருந்து ஒரு பெண் கடிதத்தோடு வந்தாள். கணவன் கொழும்பில் இருக்கிறானாம். அந்தத் தெருவில் கடிதம் வாசிக்க எல்லாரும் இவளிடம்தான் வருவார்கள் என்று சித்தி சொன்னாள். "உள்ளத உள்ளபடி வாசிப்பா. வேற ஆளுவ கூட்டியும் கொறச்சும் சொல்லுவினும்."

என் நாத்தனார் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினாள். இப்போது தடுமாற்றமே இல்லை. இந்த வருஷமும் வரமுடியாது என்று எழுதியிருந்தான். அடுத்த வருஷமும் சொல்ல முடியாது என்று எழுதியிருந்தான். பிள்ளையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவள் தேதியிலிருந்து கையெழுத்து வரை ஒரே குரலில் வாசித்தாள். கேட்டவள் அங்கேயே உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து அழுதாள். ஒரு ஆறுதல் சொல் வரும் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. கடிதத்தை மடித்து அவள் மடியில் வைத்துவிட்டுத் திரும்பவும் தடியைக் கையில் எடுத்தாள். என் பக்கம் பார்க்கவே இல்லை. எனக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. சொல்லிக்கொண்டு எழுந்தேன். "சரி மைனி" என்றாள். மறுபடி வாருங்கள் என்று சொல்லவில்லை.

அந்த ஐப்பசியில் எங்கள் தாலுகா மலையாளப் பக்கத்திலிருந்து பிரிந்து சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. ஊரில் கொடி கட்டினார்கள், வெடி போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் தமிழ் வந்தது. கடைத்தெருவில் ஒரு தமிழ் வாசகசாலையும் வந்தது. பெண்களும் போகலாம் என்றார்கள். நானே போய் நானே எடுத்து வருகிறேன், அண்ணனுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு காலத்தில் நான் கனவு கண்டதெல்லாம் இதுதான்.

நிறைய வாசிக்கிறேன். அந்த வருஷக் கடைசிக்குள் பதினொரு புத்தகம் முடித்தேன். இரண்டு நாவல்கள் ஒன்றுபோலவே இருந்தன, எது எதில் வந்தது என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒரு நாடகம் பேச்சாகவே இருந்தது. ஒரு சரித்திர நாவலில் யாரும் தேவையில்லாமல் சாகவில்லை. அதுவும் என்னவோ போலத்தான் இருந்தது. கடைசியாக வாசித்தது தேனீ வளர்ப்பைப் பற்றிய ஒரு சிறு நூல். எழுதினவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. படங்கள் தெளிவாக இருந்தன. நல்ல நூல். யாரிடமும் சொல்லவில்லை.